அலுமாரியில் நிற்கும் ‘24%’ கிளாஸ்: சிவப்பு வைனுக்குக் கிறிஸ்டல் வாங்குமுன் அறிய வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ சித்தியோ விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் சாமான்களில் ஆறு கிளாஸ் அடங்கிய கனமான பெட்டியும் ஒன்று. வீடு குடிபூரலுக்கு வந்தது, கலியாணத்துக்கு வந்தது என்று வன்னியில் பல வீட்டுக் கண்ணாடி அலுமாரிகளில் அப்படி ஒரு தொகுதி நிற்கிறது. கிளாஸில் வட்டமான பொன்னிற ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 24% என்று இலக்கம். 24 கரட் பவுணைப் போல இதுவும் சுத்தத்தின் அளவு என்று எண்ணி, ஸ்ரிக்கரை உரிக்காமலே வைத்திருப்பவர்கள் உண்டு.

அந்த 24 சுத்தத்தின் அளவு அல்ல. கண்ணாடியில் கலந்திருக்கும் ஈய ஒட்சைட்டின் அளவு.

நத்தாருக்கும் கலியாண வரவேற்புக்கும் சிவப்பு வைன் வைக்கும் வழக்கம் கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலும் வந்துவிட்டது. அதோடு கேள்விகளும் வந்திருக்கின்றன. கிறிஸ்டல் கிளாஸ் நஞ்சா? ஈயம் இல்லாதது உண்மையான கிறிஸ்டலா? விலை கூடியதில் குடித்தால் வைனின் ருசி கூடுமா? இவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம். இங்கே தரப்படும் முன்னுரிமை ஐரோப்பியக் கடைக்காரர் சொல்லும் வரிசையில் இராது. வன்னியின் வெக்கைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் ஏற்ற வரிசை அது: முதலில் ஈயம், அடுத்து வெப்பநிலை, பிறகு வடிவம், கடைசியில்தான் பளபளப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். குடியால் நொந்த குடும்பங்கள் நிறைந்த மண் இது. பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது. வைன் அருந்தாத வீட்டுக்கும் இந்தக் கட்டுரையின் ஒரு பகுதி தேவைப்படும். ஏனென்றால் அதே கிளாஸில்தான் பிள்ளைகளுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கிறோம்.

கிறிஸ்டல் என்பது பளிங்கா?

பாடசாலை விஞ்ஞானத்தில் பளிங்கு என்பது துணிக்கைகள் ஒழுங்கான கோலத்தில் அடுக்கப்பட்ட திண்மம். ஆனையிறவு உப்புக்கல் பளிங்கு. சீனி பளிங்கு. படிகமாலையில் கோக்கும் மணியும் பளிங்கு. கிறிஸ்டல் கிளாஸ் பளிங்கு அல்ல. அது கண்ணாடி. கண்ணாடியில் அணுக்களுக்கு அத்தகைய ஒழுங்கு கிடையாது. தெளிந்த படிகக்கல்லைப் போல மின்னியதால் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

சாதாரணக் கண்ணாடியில் பெரும்பங்கு, ஏறத்தாழ 70 வீதம், சிலிக்கா மணல். வடமராட்சி கிழக்கில் அம்பன், நாகர்கோவில் பக்கத்தில் கிடக்கும் வெண்மணல் அந்த வகைதான். மணல் உருக மிகுந்த வெப்பம் வேண்டும். அதைக் குறைக்கச் சோடாச் சாம்பல் சேர்ப்பார்கள், தண்ணீரில் கரையாமல் இருக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். இப்படிச் செய்யும் கண்ணாடிதான் யன்னலிலும் சோடாப் போத்தலிலும் இருக்கிறது.

1674 இல் லண்டனில் ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொவ்ற் என்பவர் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முயற்சியிலிருந்தே ஈய ஒட்சைட்டுக் கலந்த கண்ணாடி வளர்ந்தது. ஈயம் சேர்ந்ததும் மூன்று மாற்றங்கள் வந்தன. ஒளியை அது கூடுதலாக வளைத்ததால் கண்ணாடி மின்னியது. மென்மையானதால் சில்லில் வைத்துப் பூவும் கோடும் வெட்ட முடிந்தது. தட்டினால் மணிபோல நீண்ட ஒலி எழுந்தது.

இந்த மூன்றில் எதுவும் வைனின் ருசியைத் தொடவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் உரிய சிறப்புகள் அவை.

பெட்டியில் உள்ள சொற்களை வாசிப்பது எப்படி?

எதைக் கிறிஸ்டல் என்று அழைக்கலாம் என்பதை ஐரோப்பியப் பொருளாதார சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) 1969 டிசம்பரில் ஒரு பணிப்புரையால் வரையறுத்தது. எங்கள் அலுமாரிகளுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்திலிருந்து வருவதால் அந்த நான்கு வகைகளையும் அறிந்துகொள்வது பயன்படும்.

1. ஈய ஒட்சைட்டு 30 வீதமும் அதற்கு மேலும். அடர்த்தி 3.00 இற்குக் குறையாது. பிரெஞ்சுப் பெட்டியில் ‘கிறிஸ்தால் சுப்பேரியர்’, ஜெர்மன் பெட்டியில் ‘ஹோக்பிளைகிறிஸ்டால்’. அடையாளம் பொன்னிற வட்டம்.

2. ஈய ஒட்சைட்டு 24 வீதமும் அதற்கு மேலும். அடர்த்தி 2.90 இற்குக் குறையாது. ‘கிறிஸ்தால் ஓ புளோம்’, ‘பிளைகிறிஸ்டால்’. இதற்கும் பொன்னிற வட்டம்தான். அலுமாரியில் நிற்பது பெரும்பாலும் இந்த வகை.

3. நாகம் (சிங்க்), பேரியம், ஈயம், பொற்றாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் தனியாகவோ சேர்ந்தோ 10 வீதமும் அதற்கு மேலும். வெள்ளிநிறச் சதுரம்.

4. பேரியம், ஈயம், பொற்றாசியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் தனியாகவோ சேர்ந்தோ 10 வீதமும் அதற்கு மேலும். வெள்ளிநிற முக்கோணம்.

கவனியுங்கள், மூன்றிலும் நான்கிலும்கூட ஈயம் இருக்க இடமுண்டு. ஆகவே வெள்ளி அடையாளத்தை மட்டும் நம்பி வாங்க முடியாது. ‘ஈயம் இல்லை’ என்ற சொல் பெட்டியில் இருக்கவேண்டும். பிரெஞ்சில் ‘சான் புளோம்’, ஜெர்மனில் ‘பிளைஃப்ரை’, ஆங்கிலத்தில் ‘லெட் ஃப்ரீ’. புளோம், பிளை, லெட் மூன்றும் ஈயத்தின் பெயர்கள். ‘பிபிஓ’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதுவும் ஈய ஒட்சைட்டையே குறிக்கும். மொழி புரியாவிட்டால் பெட்டியைப் படம் எடுத்துக் கொண்டுவந்தவருக்கே அனுப்பிக் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம் ‘பொஹீமியா’ என்ற பெயர். அது செக் நாட்டில் கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன பகுதி. அங்கே மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொற்றாசியம் சேர்த்துக் கண்ணாடி செய்வது பழைய மரபு. ஈயக் கிறிஸ்டலும் அங்கே செய்தார்கள். இன்றைக்கு ஈயமே இல்லாத ‘கிறிஸ்டலைற்’ வகையும் அங்கிருந்துதான் வருகிறது. ஊர்ப்பெயரை வைத்து ஈயம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது.

புதிய ஈயமற்ற கிறிஸ்டலில் ஈயத்தின் இடத்தைத் தைத்தேனியம், சிர்க்கோனியம், பேரியம், நாகம் போன்றவற்றின் ஒட்சைட்டுகள் பிடித்திருக்கின்றன. ‘திரித்தான்’ என்ற பெயரில் விற்கும் ஜெர்மன் கண்ணாடி அத்தகையது. இது மெல்லியதாகவும் இருக்கும், ஈயக் கிறிஸ்டலைவிடக் கீறலையும் தாங்கும். ஈயம் இல்லாததைப் போலி என்று ஒதுக்குவது தவறு. குடிப்பதற்கு வாங்குகிறவருக்கு இதுதான் மேலான சரக்கு.

ஈயம் எப்படி வெளியே வருகிறது?

கண்ணாடிக்குள் கட்டுண்டிருக்கும் ஈயத்தைப் புளிப்பு மெல்ல மெல்ல இழுத்தெடுக்கும். எவ்வளவு வரும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பவை புளிப்பும் நேரமும். புளிப்பைக் காட்டும் அளவு பீ.எச். பெறுமானம்; 7 இற்குக் கீழே அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். சிவப்பு வைனில் அது சாதாரணமாக 3.3 முதல் 3.7 வரை. அதுவே போதிய புளிப்பு.

நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் கிராசியானோவும் கொன்ராட் புளுமும் 1991 இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஈயக் கிறிஸ்டல் கிளாஸில் ஊற்றிய வைனில் சில நிமிடங்களுக்குள்ளேயே சிறிதளவு ஈயம் சேர்ந்தது. அதே கண்ணாடியில் செய்த மூடிப்போத்தலில் நான்கு மாதம் வைத்த ‘போர்ட்’ என்ற கடும் இனிப்பு வைனிலோ ஈயம் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் வரை ஏறியிருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் காட்டும் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து பெறப்படுபவை:

1. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வளர்ந்தவர், ஒரு கிளாஸ் வைனை ஈயக் கிறிஸ்டலில் ஊற்றி அரை மணி நேரத்தில் குடித்து முடித்தால் சேரும் ஈயம் சிறிதளவே. பதற வேண்டியதில்லை.

2. உண்மையான ஆபத்து கிளாஸுக்குப் பக்கத்தில் நிற்கும் மூடிப்போத்தலில். வெட்டுப்பூப் போட்ட அந்தப் போத்தலில் பிராண்டியோ விஸ்கியோ வைனோ ஊற்றி மாதக்கணக்கில் அழகுக்கு வைத்திருந்தால், அது எவ்வளவு விலையுயர்ந்த பானமாக இருந்தாலும் வெளியே ஊற்றிவிடுங்கள்.

3. விருந்தினர் வந்தால் ‘நல்ல கிளாஸ்’ எடுத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். தேசிக்காய்ச் சாறு வைனைவிடப் புளிப்பு. கரைக்கும்போது சற்றுக் குறைந்தாலும் புளிப்புப் புளிப்புத்தான். கூட வந்த பிள்ளையும் அதிலேயே குடிக்கும். உட்கொள்ளும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் வளர்ந்தவரைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் இந்தக் கிளாஸ்களைத் தொடவே வேண்டாம் என்பதுதான் சரியான விதி.

4. அதே தொகுதியில் வரும் கிண்ணங்களில் ஊறுகாய், அச்சாறு, புளிச்சம்பல் போட்டு வைக்கக்கூடாது. இங்கே புளிப்பும் உண்டு, நேரமும் உண்டு.

ஈயம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. அந்த நோய் ஈயத்தால் வந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் சிறுநீரகத்துக்கு இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்க ஒரு நியாயமும் இல்லை.

வினாகிரியில் ஒருநாள் ஊறவிட்டால் ஈயம் போய்விடும் என்பார்கள். அது பாதி உண்மை. மேற்பரப்பில் இருப்பது குறையும். கண்ணாடியின் உடலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஈய ஒட்சைட்டாக இருக்கும்போது அது தீர்ந்துபோவது எப்படி?

பெட்டி இல்லை, ஸ்ரிக்கரும் இல்லை என்றால்?

தட்டி ஒலி கேட்பது பழைய முறை. ஈயமற்ற மெல்லிய கிளாஸும் இனிமையாக ஒலிக்கும் என்பதால் அதை நம்ப முடியாது. அடர்த்தி பொய் சொல்லாது. சாதாரணக் கண்ணாடியின் அடர்த்தி ஏறத்தாழ 2.5, 24 வீத ஈயக் கிறிஸ்டலுக்கு 2.9 உம் மேலும். குசினியில் இருக்கும் இலக்கத் தராசே இதைக் காட்டிவிடும்.

1. காய்ந்த கிளாஸைத் தராசில் நிறுங்கள். 290 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

2. சிறிய பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, தராசைச் சுழியமாக்குங்கள்.

3. கிளாஸின் தண்டில் நூல் கட்டி முழுவதும் தண்ணீருக்குள் இறக்குங்கள். வாயை மேலே வைத்துச் சரித்து இறக்கினால் காற்றுக் குமிழி உள்ளே நிற்காது. கிளாஸ் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நூலில் தொங்கவேண்டும்.

4. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கிளாஸ் விலக்கிய தண்ணீரின் அளவு. கிளாஸின் நிறையை அதனால் வகுங்கள்.

தராசு 116 காட்டினால் 290 ஐ 116 ஆல் வகுக்க 2.5 வரும். அது ஈயமில்லாத வகை. 100 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் 2.9 உம் மேலும், ஈயக் கிறிஸ்டல். இடையில் 2.7 போல வந்தால் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பாடசாலையில் படித்த ஆக்கிமிடிசின் தத்துவம்தான் இது. ஆய்வுகூடச் செலவில்லாமல் குசினி மேசையில் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். ஈயமற்ற கிறிஸ்டலையும் வெறும் கண்ணாடியையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஈயத்தைக் கண்டுபிடிக்க மட்டுமே இது.

வைனுக்கு முன்னே வெக்கையைக் கவனியுங்கள்

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்று போத்தலிலும் புத்தகத்திலும் எழுதியிருக்கும். அந்த ‘அறை’ ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. அங்கே 16, 17 பாகைதான் இருந்திருக்கும். சித்திரை வைகாசியில் கிளிநொச்சியில் மதியம் 33, 34 பாகை நிற்கும் மண்டபம் அல்ல. சிவப்பு வைனுக்கு ஏற்றது 14 முதல் 18 பாகை செல்சியஸ்.

வெப்பம் கூடினால் என்ன நடக்கிறது? 16 பாகையிலிருந்து 32 பாகைக்கு ஏறும்போது மதுசாரத்தின் ஆவியமுக்கம் (ஆவியாகி மேலெழும் தன்மை) இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. முகர்ந்தால் பழவாசனைக்கு முன் மதுசாரம் மூக்கில் குத்தும். வைன் நல்லதில்லை என்று முடிவுகட்டியவர்களில் பலர் வெக்கையைத்தான் குடித்திருக்கிறார்கள்.

தோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கோஜி மிற்சுபயாசியின் குழு 2015 இல் மதுசார ஆவியைப் படமெடுக்கும் ஒரு கமெராவை வைத்து இதைக் கண்ணால் காணச் செய்தது. வைன் கிளாஸில் 13 பாகையில் ஊற்றியபோது மதுசார ஆவி வாய்விளிம்பைச் சுற்றி வளையமாக எழுந்தது. நடுவில், மூக்கு வைக்கும் இடத்தில், அது குறைவாக இருந்தது. ஆகவே நடுவில் வைனின் வாசனையை முகர முடிகிறது. 25 பாகையில் அந்த வளையம் இல்லை. நேரான கிளாஸிலும் இல்லை.

வன்னிக்கு இதன் பொருள் பெரிது. வடிவம் செய்யும் வேலையை வெக்கை அழித்துவிடுகிறது. குளிர்த்தாத வைனுக்கு எவ்வளவு விலையில் கிறிஸ்டல் வாங்கினாலும் அந்தக் காசு வீண். போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். மின்வெட்டு என்றால் ஐஸும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் கலந்த வாளியில் கால் மணி நேரம். கிளாஸில் ஒரேயடியாக நிறைக்காமல் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மிச்சம் குளிரிலேயே இருக்கட்டும்.

வடிவம் ஏன் அப்படி?

சிவப்பு வைனில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. பாலில்லாத கடும் தேநீரிலும் நாவற்பழத்திலும் நாக்கை இறுக்கும் துவர்ப்பு அதே வகை. வைன் காற்றோடு கலக்கும்போது அடைபட்டிருந்த வாசனைகள் வெளிவருகின்றன. அதனால் வயிறு அகன்ற கிளாஸ். வந்த வாசனை கலைந்து போகாமல் இருக்க ஒடுங்கிய வாய். கையின் சூடு ஏறாமல் இருக்க நீண்ட தண்டு. எங்கள் செம்பும் இதே தத்துவத்தில் நிற்கிறது: வயிறு அகலம், கழுத்து ஒடுக்கம்.

ஒஸ்திரியக் கண்ணாடி உற்பத்தியாளர் குளவுஸ் ரீடல் 1973 இல் ஒவ்வொரு வைன் வகைக்கும் தனி வடிவம் என்று ஒரு வரிசையையே வெளியிட்டார். பிரான்சின் போர்தோப் பகுதி வைனுக்கு உயரமானது, பர்கண்டிப் பகுதி வைனுக்கு உருண்டு அகன்றது. பின்னாளில் இந்த வடிவங்களுக்கு நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்ற ‘நாக்கு வரைபடத்தை’ விளக்கமாகச் சொன்னார்கள். அந்த வரைபடம் பிழை. நாக்கில் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும். வாசனையைப் பற்றிய விளக்கம் நிற்கும், நாக்கைப் பற்றியது நிற்காது. ஒரு வீட்டுக்கு ஒரே வடிவம் போதும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

1. கொள்ளளவு 400 முதல் 500 மில்லிலிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவது. இதைவிடப் பெரிய உருண்டைக் கிளாஸ் எங்கள் வெக்கையில் வைனை விரைவில் சூடாக்கும்.

2. வாய்விளிம்பை விரலால் தடவுங்கள். மலிவான கிளாஸில் விளிம்பு உருண்டு தடித்திருக்கும். நல்லதில் வெட்டித் தீட்டிய மெல்லிய ஓரம். விலை வித்தியாசம் உதட்டில் தெரியும் இடம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

3. நிறமோ வெட்டுப்பூவோ வேண்டாம். வைனின் நிறத்தை மறைக்கும், கழுவும்போது அழுக்கும் பிடிக்கும்.

4. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழியும் கோடும் பாருங்கள். மேசையில் வைத்தால் ஆடக்கூடாது.

5. கையால் ஊதியது மெல்லியது, பாரமற்றது, விலை கூடியது. இயந்திரத்தில் செய்த ஈயமற்ற கிறிஸ்டல் வீட்டுப் பாவனைக்குத் தாராளமாகப் போதும். ஒன்று உடைந்தால் மனம் உடையாத விலையில் வாங்குங்கள்.

கிணற்றுத் தண்ணீரும் வெண்படலமும்

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்மையானது. கேத்தலின் அடியில் கட்டியாகப் படியும் அந்த வெள்ளைச் சுண்ணாம்பே கழுவிக் காயவிட்ட கிளாஸிலும் புள்ளியாகவும் வளையமாகவும் நிற்கும். நான்கு ஐந்து தடவை துடைக்காமல் விட்டால் கிளாஸ் மங்கிப்போகும். பிறகு எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, கடைசி அலம்பலை வன்மை நீக்கிய தண்ணீரிலோ ஐப்பசி கார்த்திகையில் பிடித்த மழைத்தண்ணீரிலோ செய்யுங்கள். உடனே மெல்லிய பருத்தித் துவாயால் துடையுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு விட்டுவிடும். ஈயமற்ற கிளாஸுக்கு மட்டும் இந்த வழி. ஈயக் கிறிஸ்டலில் அதே தேசிக்காய் ஈயத்தையும் சேர்த்து இழுக்கும். சாம்பலும் தும்பும் எதற்கும் வேண்டாம், கீறிவிடும்.

துடைக்கும்போது ஒரு கையால் அடித்தட்டையும் மறு கையால் வாயையும் பிடித்துத் திருகினால் தண்டு முறியும். உடையும் கிளாஸ்களில் பல இப்படித்தான் உடைகின்றன. துடைக்கும் பகுதியையே மறு கையாலும் தாங்கிப் பிடியுங்கள். காய்ந்ததும் வாய் மேலே இருக்க அடுக்குங்கள். கவிழ்த்து வைத்தால் அலுமாரியின் மர வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் உள்ளே தங்கி, அடுத்த முறை வைனோடு சேர்ந்து மூக்குக்கு வரும்.